சீமாட்டி பேசினால் புரியும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. கதவோரம் இருப்பவர்கள் உள்ளே தள்ளி உட்காருங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. சிரிப்பு வருகிற இடங்களும் இதில் உண்டு, வந்தால் சிரித்துவிடுங்கள், அடக்க வேண்டாம். ஆனால் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சரியாகவில்லை. முன்னாடியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பெரிய ஓட்டல். அதன் முன்வாசலும் விளக்குகளும் நமக்கு வேண்டாம். பின்பக்கம் போய், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, படி இறங்கினால் சலவைக்கூடம். ஒரு பக்கம் இயந்திரங்கள் வயிறு உருள உருளச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் நீளமான மேசை. அந்த மேசையில்தான் நம்மவள் நிற்பாள். வேலை, மடிப்பது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, மேசைத்துணி. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு உதறு, ஒரு மடிப்பு, ஒரு தடவல். கை அதுபாட்டுக்கு ஓடும். கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்புக்காரி என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவளுடைய புருஷன் கடல் தாண்டி ஒரு நாட்டில் ரொட்டிக் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறான். போய்க் கொஞ்ச காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டான். குழந்தைக்குப் பரீட்சை இல்லை, அனுமதி வந்துவிட்டது. மனைவிக்கு மட்டும் ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் பரீட்சை. அதில் இவள் தோற்றுவிட்டாள். அங்கே பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். புருஷனுடைய அக்கா அங்கேயே குடியிருந்தாள்.

"பாப்பா முன்னாடி வரட்டும். அக்கா பாத்துக்குவாங்க. நீ பரீட்சையை முடிச்சிட்டுப் பின்னாடியே வந்துடு. கொஞ்ச மாசந்தானே?" என்றான்.

கொஞ்ச மாசந்தானே என்றுதான் இவளும் பாப்பாவுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுப்பி வைத்தாள்.

கொஞ்ச மாசம் வருஷமாயிற்று, அந்த வருஷத்துக்கும் மேலே போயிற்று. அதற்குள் அந்த நாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: இன்னும் ஒரே ஒரு முறைதான் பரீட்சைக்கு உட்காரலாம். அதிலும் தேறாவிட்டால் இந்த விண்ணப்பம் மூடப்படும். பிறகு புது விண்ணப்பம், புது வரிசை, புதுச் சட்டம். அந்த வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் பாப்பாவுக்கே கல்யாணமாகிவிடும் என்று புருஷன் சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இப்போது டீச்சர். டீச்சருக்கும் மடிப்புக்காரியின் வயதுதான் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல டீச்சர், பிள்ளைகள் அவள் பின்னாலேயே சுற்றும். புதிதாக வந்த நிர்வாகி ஒரு நாள் அவளை அறைக்குக் கூப்பிட்டு, "உங்க இலக்கணம் எல்லாம் பிரமாதம் மேடம். ஆனா நீங்க இங்கிலீஷ் பேசினா நம்ம பாஷை பேசற மாதிரியே இருக்கு. காசு குடுக்குற பெத்தவங்க கேக்குறாங்க, நாங்க என்ன பதில் சொல்றது?" என்றார். அதோடு வேலை போயிற்று. வேலை போனதைக் கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்த வாக்கியம்தான் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். முகம் பார்த்துப் பேசுகிற கூட்டம், இலவசம். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிற பலகை, இலவசம். கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிற விளையாட்டு, இலவசம். நாம் பேசினால் அதை எழுத்தாக்கிக் காட்டுகிற செயலி, அதுவும் இலவசம். எல்லாவற்றையும் கோத்து ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. கேள்விப்பட்டு வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் உழைக்கிற ஜனங்கள்: ஒரு வங்கியின் காவலாளி, லாரி ஓட்டுகிறவர், முதியோர் விடுதியில் ஆயா வேலை பார்ப்பவள், அப்புறம் நம் மடிப்புக்காரி.

எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் டீச்சரால் முடியவில்லை. ஆங்கிலத்தில் வாய் திறக்க முடியவில்லை. விளக்கம் எல்லாம் தமிழில் சொல்வாள், பொறுமையாக, தமாஷாக. ஆங்கில வாக்கியம் என்று வந்துவிட்டால் அதைத் தட்டச்சுச் செய்து, எழுத்தைப் படித்துக் காட்டுகிற இலவசக் குரலிடம் கொடுத்துவிடுவாள். அந்தப் பெண்குரல் படிக்கும். தன் நாக்கில் இருக்கிற குறை இவர்களுக்கும் ஒட்டிவிடக் கூடாது என்பது அவள் பயம். நான் பட்டது போதும், இவர்களாவது சுத்தமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். அன்பில் செய்ததுதான் கண்ணுகளா. அன்பில் செய்தது என்பதால்தான் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

அந்தக் குரலுக்குக் காவலாளி ஒரு பெயர் வைத்தார்: சீமாட்டி.

"டீச்சர், இந்தச் சீமாட்டிக்கு மூச்சே வாங்காதா? நானும் முதல் நாள்லேருந்து பாக்கறேன், ஒரு தும்மல் இல்ல, ஒரு இருமல் இல்ல."

"உங்க வீட்டு அண்ணியா அவ, நீங்க சொல்றதுக்கெல்லாம் பெருமூச்சு விட?" என்பாள் ஆயா.

"எங்க வீட்டம்மா பேசினா எனக்கு நடுவுல சந்தே கிடைக்காது. சீமாட்டி நல்லவ. ஒரு வாக்கியம் முடிஞ்சதும் நமக்கு யோசிக்க இடம் விடறா."

ஆமாம், இடம் விடுவாள். வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். வார்த்தை வார்த்தையாக, முத்து முத்தாக வரும். இலவசக் கூட்டமாதலால் நேரம் ஆனதும் பாதிப் பேச்சில் எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே வந்து முகங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்போது, "கழுத்தைப் புடிச்சுத் தள்ளிட்டான் டீச்சர், நல்லவேளை, செருப்பு உள்ள இருந்ததால திரும்பி வந்தேன்" என்பார் காவலாளி. சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போயிற்று அந்த வகுப்பு.

மடிப்புக்காரி மதியச் சாப்பாட்டு நேரத்தில், விரிப்புகள் அடுக்கிய கிடங்கறைக்குள் மூட்டைமேல் உட்கார்ந்து வகுப்பில் சேர்வாள். மற்ற நேரம் ஒரு காதில் சீமாட்டி, இன்னொரு காதில் இயந்திரம். கை மடிக்கும், வாய் முணுமுணுக்கும். சூப்பர்வைசர் அக்கா வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"என்னடி, துண்டோட பேசிக்கிட்டு இருக்க? பதில் சொல்லுதா?"

"சொல்லுதுக்கா. ஆனா இங்கிலீஷ்ல சொல்லுது."

"அப்ப கறை எப்படிப் போகும்னும் அதுகிட்டயே கேளு. என் உசிரு மிஞ்சும்."

அவள் தேறிக்கொண்டு வந்தாள். விளையாட்டில் எப்போதும் அவள் பெயர்தான் உச்சியில். சீமாட்டி கேட்டு முடிப்பதற்குள் பதில் தொண்டையில் வந்து நிற்கும். தன் பேச்சைச் செயலி பிழையில்லாமல் எழுதிக் காட்டும்போது, அந்தத் திரையைப் படமெடுத்துப் புருஷனுக்கு அனுப்புவாள். அவன் கட்டைவிரலை உயர்த்துகிற படத்தை அனுப்புவான். பாப்பா இதயம் அனுப்பும்.

அந்தப் பாப்பாதான் முதலில் எச்சரிக்கை மணி அடித்தது. யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரையில் பார்த்தால் பாப்பாவின் பின்னலைக் காணவில்லை. காதோடு வெட்டியிருந்தது.

"ஐயோ, முடி எங்கடி செல்லம்?"

"அத்தைக்கு மார்னிங் டைம் இல்லம்மா. ஸ்விம்மிங் வேற இருக்கு" என்று சொன்ன பாப்பா, உற்சாகம் தாங்காமல் நீச்சல் குளத்தைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ ஆங்கிலத்தில் கொட்டத் தொடங்கியது. மூச்சு விடாமல், சிரித்துக்கொண்டே, வாயில் ஏதோ தின்பண்டத்தோடு. இவளுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஒன்று கூட இல்லை.

"அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லுடா."

பாப்பா யோசித்தது. வாயைத் திறந்தது, மூடியது. "அது... அப்புறம் சொல்றேம்மா."

மறுநாள் வகுப்பில் கேட்டாள். "டீச்சர், சீமாட்டி பேசறது எல்லாம் புரியுது. எம் பொண்ணு பேசறது ஒண்ணும் புரியலயே?"

"குழந்தைங்க அப்படித்தான், தின்னுக்கிட்டே ஓட்டமா பேசும். நாம பரீட்சைக்குத்தானே படிக்கிறோம்? அங்க பெரியவங்க நிதானமா கேப்பாங்க."

காவலாளிதான் விடவில்லை. "டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு நாள் நீங்களே எங்ககிட்ட இங்கிலீஷ்ல கேளுங்களேன். எங்க பேங்குக்கு வர்றவங்க பேசினாலும் எனக்குக் காத்து மாதிரிதான் போகுது. மனுஷக் குரல்ல பழகணும்ல?"

கேள்வி வந்து டீச்சர் நெஞ்சில் இடித்ததும், அந்த நிர்வாகியின் அறை கண்முன் வந்ததும் இவர்களுக்கு எப்படித் தெரியும்? "எனக்கு இன்னிக்குத் தொண்டை சரியில்லண்ணா" என்று சொல்லி, சீமாட்டியின் அடுத்த வாக்கியத்தைத் தட்டினாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறவளிடம் எப்படித் திரும்பத் திரும்பக் கேட்பது?

பரீட்சை நாள் வந்தது. நகரத்தின் நடுவில் ஒரு கட்டடம். கைபேசியை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். காதிலிருந்து இயர்போனைக் கழற்றியபோது, கூட வந்த துணையை வெளியே நிறுத்தின மாதிரி இருந்தது அவளுக்கு. காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு முணுமுணுப்பு. பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனாள்.

சின்ன அறை. மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி. கேள்வி கேட்பவர் வழுக்கைத் தலை, நல்ல முகம். ஜலதோஷம் போலிருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெட்டியை அவள் பக்கமும் நகர்த்தினார். நல்ல மனிதர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் பேசினார்.

ஒரு வார்த்தை இன்னொன்றின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தது. பாதி மூக்கில் போயிற்று, பாதி சிரிப்பில் போயிற்று. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது, ஒன்றும் தெரியவில்லை. கேள்வி முடிந்ததும் வருகிற அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தாள். இடைவெளி வந்தது. கேள்விதான் வரவில்லை.

சீமாட்டி கற்றுக்கொடுத்தபடி, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சுத்தமாகக் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. பரவாயில்லை, இவளுக்குப் பேச வருகிறது என்று நினைத்திருப்பார்.

இங்கேதான் பாருங்கள். சீமாட்டியிடம் இன்னொரு முறை கேட்டால் அதையே, அதே மாதிரி, அச்சு மாறாமல் சொல்வாள். மனிதர் அப்படிச் சொல்ல மாட்டார். எதிரே இருப்பவள் திணறுகிறாளே என்று இரக்கப்பட்டு, வேறு வார்த்தையில், வேறு பக்கத்திலிருந்து சொல்லிப் பார்ப்பார். அவர் இரக்கப்பட்டார். முதல் தடவையில் ஏதோ ஒரு ஒலி மனசில் ஒட்டியிருந்தது, அதுவும் கலைந்து போயிற்று. மறுபடி கேட்டாள். மறுபடியும் இரங்கினார், மறுபடியும் மாற்றினார். ஒவ்வொரு இரக்கத்துக்கும் அவள் ஒரு படி கீழே போனாள்.

மனசு தவித்தால் கை தன் வேலையைப் பார்க்கும் அல்லவா? அவளறியாமல் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம், ஒரு மடிப்பு, ஒரு தடவல். அவர் அதைப் பார்த்துவிட்டு, விரலால் சுட்டிக் காட்டி, ஏதோ கேட்டார். திட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள். சாரி சார், சாரி சார் என்று அவசரமாகப் பிரித்து, மேசையில் வைத்து நீவி நீவிச் சுருக்கத்தை எடுத்தாள். அவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். என்ன கேட்டிருப்பார் என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்து, வெயிலில் நின்று, கைபேசியைத் திறந்தபோது டீச்சரே கூப்பிட்டாள்.

"என்ன கேட்டாங்க? எப்படிப் பண்ணினீங்க? சொல்லுங்க, நான் காலைலேருந்து வீட்டுல நடந்துக்கிட்டே இருக்கேன்."

"தெரியல டீச்சர்."

"தெரியலன்னா?"

"என்ன கேட்டாங்கன்னே தெரியல. அவர் பேசினது எனக்கு இங்கிலீஷ் மாதிரியே கேக்கல டீச்சர். நாம படிச்சது ஒண்ணு, அவர் பேசினது வேற என்னமோ."

போன் அணைந்துவிட்டதோ என்று இவள் எடுத்துப் பார்த்தாள். அணையவில்லை. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு டீச்சர், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, தன் சொந்தக் குரலில் ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி. வகுப்பின் முதல் வாரத்தில் படித்தது. மடிப்புக்காரி தூக்கத்தில் கூடப் பதில் சொல்வாள்.

"என்ன டீச்சர்? லைன் சரியில்லையா?"

டீச்சர் இன்னொரு முறை கேட்டாள். மெதுவாக.

"சத்தம் கேக்குது டீச்சர். நீங்க என்ன சொல்றீங்கன்னு புரியல. தமிழ்லயே சொல்லுங்களேன்."

டீச்சரிடமிருந்து அழுகையை அடக்குகிற சத்தம் மட்டும் வந்தது. மடிப்புக்காரிதான் அவளைத் தேற்றினாள். "நீங்க எதுக்கு டீச்சர் அழறீங்க? எனக்காக எவ்வளவு பண்ணினீங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல." தோற்றவள் தேற்றுகிறாள். அந்தத் தேறுதல் டீச்சரை இன்னும் அறுத்தது.

முடிவு வர நாளாகவில்லை. வந்தது நமக்குத் தெரிந்ததுதான். விண்ணப்பம் மூடப்பட்டது.

டீச்சர் மறு வகுப்பில் சீமாட்டியை நிறுத்தினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள், தன் மேல்தான் தப்பு என்றாள். இனி நானே பேசுகிறேன் என்று ஒலிவாங்கியைத் திறந்து ஆங்கிலத்தில் பேசினாள். என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எல்லோரும் கைதட்டியிருப்பார்கள் என்றா? லாரிக்காரர், "பழைய அம்மாவே நல்லா புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளிலிருந்து வரவில்லை. ஆயா வேறொரு வகுப்பு தேடிக்கொண்டாள். அங்கேயும் ஒரு சீமாட்டி இருப்பாள். காவலாளி மட்டும் இருந்தார். வெற்றுத் திரையில் இரண்டே முகங்கள்.

"நான் இருக்கேன் டீச்சர், பேசுங்க. உங்க குரல் நல்லாத்தானே இருக்கு. இதையா பூட்டி வெச்சிருந்தீங்க?" என்றார். அந்தச் சொல் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது.

மடிப்புக்காரி வகுப்புக்குத் திரும்பவில்லை. எதற்குத் திரும்புவது? சலவைக்கூடத்தில் மடிக்கிறாள். சூப்பர்வைசர் அக்கா இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. பக்கத்தில் வந்து நின்று விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்கிறாள்.

புருஷன் சொன்னான், "ரெண்டு பேரும் திரும்பி வந்துடறோம்னு வெச்சுக்க. பாப்பா படிப்பு?" அவள், "வர வேண்டாங்க" என்றாள். "அது அங்க நல்லா படிக்குது." தான் சொன்னதைத் தானே கேட்டு நின்றாள்.

பாப்பா வளர்கிறது. தமிழ் சுருங்கிச் சுருங்கி, சாப்பிட்டியா, நல்லா இருக்கியா, வெச்சிடட்டுமா என்ற அளவுக்கு வந்துவிட்டது. மனசில் இருப்பதைச் சொல்ல ஆங்கிலம்தான் வருகிறது. பேசினால் அம்மாவுக்குப் புரியாது. அம்மா முகம் வாடுவது குழந்தைக்கும் தெரியும். அதனால் அது ஒரு வழி கண்டுபிடித்தது. புத்திசாலிக் குழந்தை. பேசுவதை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், எந்தப் பல் ஆடுகிறது, இரவில் எந்தச் சத்தத்துக்குப் பயம், எல்லாம். நீண்ட நீண்ட கடிதங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் இவளுக்குக் கண் பூத்துவிடும். அதற்கும் ஒரு வழி இருந்தது. கிடங்கறைக்குள் போய் மூட்டைமேல் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டி, மகள் எழுதியதை அந்த இலவசக் குரலிடம் கொடுப்பாள். சீமாட்டி படிப்பாள். வார்த்தை வார்த்தையாக, முத்து முத்தாக, மூச்சு வாங்காமல். ஒவ்வொரு சொல்லும் புரியும். அம்மா, எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கு என்று தன் மகள் சொல்வதை, சீமாட்டியின் குரலில், சீமாட்டியின் நிதானத்தில் அவள் கேட்பாள். திரும்பவும் தட்டுவாள். சீமாட்டி அதையே, அதே மாதிரி, அச்சு மாறாமல் இன்னொரு முறை சொல்வாள். அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடிக்கும், மேசைக்குப் போய்விடுவாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டில் உலை ஓயாமல் கொதிக்கட்டும். விளக்கு போட்டால் எரியட்டும், குழாய் திறந்தால் தண்ணீர் வரட்டும். உங்கள் பிள்ளைகள் சண்டை போட்டாலும் ஒரே கூரைக்குக் கீழே போடட்டும், அக்கம்பக்கம் வந்து என்ன சத்தம் என்று கேட்கும்படி போடட்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நீங்களும் உங்கள் வீட்டாரும் நூறாண்டு நல்லபடியாக இருக்க வேண்டும்.